அறுத்த வலைக்கு யார் காசு கொடுப்பது?



வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிப் பேச, தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டுக்காரனை இந்த அபுதாபிச் சங்கத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வனமும் கிடையாது, புலியும் கிடையாது. யானை என்றால் கோயில் யானைதான். கண்ணுக்கெட்டியவரை வயல், அதை விட்டால் தென்னந்தோப்பு. ஆனாலும் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். காடு என்றால் வேலி போட்டு, காவலுக்கு ஆள் நிறுத்தலாம். எங்கள் பக்கத்துக் காட்டுயிர் இருப்பதோ விவசாயி பாசனம் செய்கிற ஏரியிலும் மீனவர் வலை விரிக்கிற கடலிலும். அங்கே யாரை எதற்கு வெளியே நிறுத்துவது? பிழைப்பு நடத்துகிறவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளாமல் அங்கே ஒரு குருவியைக்கூடக் காப்பாற்ற முடியாது.

முதலில் கடல். ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டையைத் தாண்டிப் போனால் மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம்.  நெப்போலியனுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் மனம் குளிர வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோபுரத்துக்கு எதிரே விரிந்து கிடக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல் மண்டிக் கிடக்கும். அதை மேய்ந்து வாழ்கிறது கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். வளர்ந்த ஒன்று நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். நம் வீட்டுப் பசு ஒன்பது மாதத்தில் கன்று போட்டுவிடும். ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகூட ஆகும். ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் கடல் முழுவதிலும் சுமார் 240தான் இருக்கின்றன என்பது அரசு சொல்லும் கணக்கு.

2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். நல்ல காரியம். ஆனால் அரசாணை கடலுக்குள் இறங்காது. உள்ளே நடப்பது என்ன? ஆவுளியா மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். வலையை இழுக்கிறவர் பாரம் தெரிந்து எட்டிப் பார்க்கிறார். சாம்பல் நிறத்தில் ஆளை விடப் பெரிய உடம்பு புரள்கிறது. யோசிக்க நேரமில்லை. கத்தியை எடுத்து வலையை அறுத்தால்தான் அது பிழைக்கும். கடன்பட்டு வாங்கிய வலை. அன்றைய மீனும் போயிற்று.

ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்த கரை அது. அங்குள்ள பெரியவர்கள் அதை மறைப்பதும் இல்லை. இன்று அதே கரையில் வலையை அறுத்து விடுகிறார்கள். வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது. மீனவர் பிள்ளைகளுக்குக் கடல்பசு பேரில் கல்வி உதவித்தொகையும் இந்திய வன உயிரின நிறுவனம் மூலம் வந்தது. முனைவர் வி. பாலாஜியின் ஓம்கார் அறக்கட்டளை மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் கடற்புல்லை முடிந்து, கடலடியில் வைத்து வளர்க்கிறது. கிட்டத்தட்ட நாற்று நடவுதான். 2025 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு இந்தப் பாதுகாப்பகத்தைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. எங்கே? நீங்கள் குடியிருக்கும் இதே அபுதாபியில். ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக ஆவுளியா அதிகம் வாழ்வதும் இந்த அபுதாபிக் கடலில்தான். சனிக்கிழமை கார்னிஷ் கடற்கரையில் சுண்டல் தின்கிற உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி ஏரி. வடுவூர் ஏரிக்கு மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் வந்து சேர்ந்தால் நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் இறங்கும். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி. பறவை ஏரியில் தங்கும், சாப்பாட்டுக்குச் சுற்றுவட்டார வயலுக்குத்தான் போகும். வயல் போனால் ஏரி வெறும் தண்ணீர்த் தொட்டி.

அந்த வயலே போகப் பார்த்தது. 2023 மார்ச் கடைசியில் ஒன்றிய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி இருந்தது. காவிரி டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்க 2020இலேயே சட்டம் போட்டாயிற்று. அது டெல்லிக்கு நினைவில் இல்லை போலும். விவசாயிகள் கொதித்தார்கள், முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஏப்ரல் 8ஆம் தேதி நிலக்கரி அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி வடசேரியையும் மற்ற இரண்டு இடங்களையும் பட்டியலிலிருந்து நீக்கினார். அன்று எங்கள் ஆட்கள் பேசியதெல்லாம் நெல், நிலத்தடி நீர், பட்டா. நாரையைக் காப்பாற்றப் போகிறோம் என்று யாரும் கிளம்பவில்லை. ஆனால் நாரைக்காக நடந்த கருத்தரங்குகள் எல்லாம் சேர்ந்து செய்ததை விட அதிகம் செய்தது அந்தப் பத்து நாள்தான் என்பேன்.

சுரங்கத்தைத் துரத்திவிட்டோம். மனைப்பிரிவை யார் துரத்துவது? சொன்னால் கோபிக்கக் கூடாது. தஞ்சாவூர் சுற்றுவட்டாரத்தில் கல் நட்டுக் கொடி கட்டிய வயல்களைப் பாருங்கள். வாங்குகிறவர்களில் பலர் உங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள். ஊரில் இருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களும் இங்கே நிறைய. குத்தகைதாரர் என்ன மருந்து அடிக்கிறார் என்று என்றைக்காவது போனில் கேட்டிருக்கிறீர்களா? மருந்து குறைந்தால் மகசூல் கொஞ்சம் குறையலாம். குத்தகையில் ஒரு மூட்டை தள்ளிக் கொடுத்தால் அவர் நிச்சயம் யோசிப்பார்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நீங்கள் அனுப்பிய தார்ப்பாயும் தென்னங்கன்றும் எங்கள் பகுதியில் இன்னும் பேச்சில் இருக்கின்றன. கோடியக்கரை மான்கள் செத்து ஒதுங்கியதும் அதே புயலில்தான். அதற்கு யாரிடம் உதவி கேட்பது என்று அப்போது தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். இந்தச் சங்கம் ஒரு வலை நிதி தொடங்க வேண்டும். ஆவுளியாவுக்காக வலையை அறுத்தார் என்று வனத்துறையும் மீனவர் பஞ்சாயத்தும் சேர்ந்து சொன்னால், அந்த வாரமே புது வலைக்கான முழுப்பணம் அவர் கைக்குப் போக வேண்டும். பரிசாக வேண்டாம், நஷ்டத்துக்கு ஈடாக. பொருளாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து மிச்சத்தைப் பேசிக்கொள்கிறேன்.