எகிப்தியர் கோயிலும் அரசர் கடனும்

நைல் நதிக்கரையில் வாழ்ந்த பண்டை எகிப்தியர் கோயிலை இறைவனது மாளிகை என்றே வழங்கினர். நாள்தோறும் வைகறையில் கருவறை திறந்து, திருமேனிக்கு ஆடை சாத்தி, அமுது படைத்தனர். இவ்வழிபாட்டிற்கு உரியவன் அரசன் ஒருவனே என்பது அவர்தம் கொள்கை. குருமார் அவன் சார்பிலேயே அதனைச் செய்தனர். 'மாஅத்' எனும் அறத்தைக் காத்து, அதனையே இறைவன் திருமுன் படைத்தல் அரசனது தலையாய கடன்.

கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் இராம்சேசு, தீப்சு நகரத்து ஆமன் கோயிலுக்கு நிலமும் கால்நடையும் பொன்னும் வாரி வழங்கினான். அவன் கொடைகளைக் கூறும் பாப்பிரசுச் சுவடி 40 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. அவனது 29ஆம் ஆட்சியாண்டிலோ, அரசர் கல்லறைகளை அமைத்த தொழிலாளர்க்குக் கூலியாகிய தானியம் உரிய காலத்தில் வரவில்லை. பசித்த அவர்கள் பணியை நிறுத்தினர். பழைய அரசர் எடுப்பித்த கோயில்களை அடைந்து, அங்கே அமர்ந்து முறையிட்டனர். அதன் பின்னரே, முன் மாதத்து நிலுவைத் தானியம் அவர்க்கு அளக்கப்பெற்றது.

கொடையைப் பேசும் சுவடி இலண்டனிலும், பசியைப் பேசும் சுவடி இத்தாலியின் தூரின் நகரிலும் இன்றும் உள்ளன. ஒன்றை மட்டும் படிப்போர் அவ்வரசனை முற்றும் அறியார். திருமுன் படைத்த அமுது குறைவற்றதாயினும், கல் செதுக்கிய கைகள் வெறுங்கைகளாயின் மாஅத் நிறைவெய்துமோ?