திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



நமது அங்கத்தவர் இடாப்பும், மாணவர் உதவிப் பண ஏடும், தனித்திருக்கும் முதியோரின் பட்டியலும் இதுகாறும் காரியதரிசியின் வீட்டு அலுமாரியிலே இருந்து வந்தன. இவ்வாண்டு முதல் அவற்றை மேகக் கணிமையிலுள்ள தரவுத்தளம் ஒன்றுக்கு மாற்றுவதென நிர்வாக சபை தீர்மானித்திருக்கின்றது. தீர்மானம் நல்லதே. ஆயினும் அவ்வேடுகளைத் திறக்கவும், திருத்தவும், அழிக்கவும் யார் யாருக்கு உரிமை என்பது பற்றி அதில் ஒரு வரியேனும் இல்லை. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

மேகம் என்றதும் வானத்தை நோக்க வேண்டியதில்லை. மும்பாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு கட்டடத்தில், பிறர் பராமரிக்கும் கணினியிலே நாம் வாடகைக்குப் பெறும் இடந்தான் அது. யந்திரத்தையும் மின்சாரத்தையும் அவர்கள் பார்த்துக்கொள்வர். உள்ளே யாரை விடுவது என்பதை நம்மிடமே விட்டுவிடுவர். அமேசான் முதலிய நிறுவனங்கள் இதனை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. அதை வாசிப்பார் தாம் அரியர்.

குறிகட்டுவானிலே நயினாதீவுக்குச் செல்லும் வள்ளத்தில் யாரும் ஏறலாம். ஏறினவர் எல்லாரும் சுக்கானைப் பிடிக்கலாமா? வள்ளத்தில் ஏற இடங்கொடுப்பது ஒன்று. தண்டயலின் இடத்தைக் கொடுப்பது வேறொன்று. கணினியிலும் இவை இரண்டும் வெவ்வேறானவை. கடவுச்சொல் நீர் இன்னார் என்பதை மட்டுமே காட்டும். இன்னார் எதைச் செய்யலாம் என்பதைத் தனியே வகுக்க வேண்டும்.

அப்படி வகுக்கும்போது இரண்டு கதவுகள் உள்ளன என்பதை மறக்கலாகாது. உட்கதவு தரவுத்தளத்தினுடையது. எந்த ஏட்டை யார் வாசிக்கலாம், எதில் யார் எழுதலாம் என்பன அங்கே தீர்மானிக்கப்படும். ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர்களான கிரிபித்ஸ், வேட் என்னும் இருவர் 1976இல் இதற்குரிய முறையை விரிவாக எழுதினர். உரிமை கொடுப்பதற்குக் 'கிராண்ட்', திரும்பப் பெறுவதற்கு 'ரிவோக்' என்னும் ஆணைகள் இன்றும் வழங்குகின்றன. ஒருவர் தாம் பெற்ற உரிமையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால், முதல்வரிடமிருந்து அதனைப் பறிக்கும்போது அவர் வழியாகப் பெற்றவரும் இழக்க வேண்டும் என்பதையும் அன்றே சிந்தித்திருக்கின்றனர். வெளிக்கதவு மேகக் கணிமைக் கணக்கினுடையது. அதன் முழு அதிகாரமும் பெற்றவர், உள்ளே ஒரு வரியும் வாசிக்க இயலாதவராயினும், தரவுத்தளம் முழுவதையும் மறுபிரதிகளுடன் ஒருங்கே அழித்துவிடலாம். பலர் உட்கதவுக்கு ஏழு பூட்டுப் போட்டுவிட்டு வெளிக்கதவைச் சாத்தி மாத்திரம் வைக்கின்றனர்.

இவையெல்லாம் பெரிய இடத்து விஷயங்கள் என்று எண்ணற்க. 2021 ஜூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமையிலிருந்து அழிந்துபோயின. மருந்துகளைப் பதிவு செய்யும் சபையின் ஏடுகள் அவை. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மென்பொறியியலாளர் ஒருவர் பின்னர்க் கைது செய்யப்பட்டார். அமெரிக்காவில் 2019இல் கபிட்டல் வண் வங்கியினுள் ஒருவர் நுழைந்தபோது, காவலுக்கு நிறுத்திய கணினிக்குக் கொடுத்திருந்த உரிமையே அவருக்கு வழியாயிற்று. காவலாளிக்குக் களஞ்சியத்தைத் திறந்து வாசிக்கும் உரிமை எதற்கு? அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேருடைய விவரங்களும் கனடாவில் சுமார் 60 இலட்சம் பேருடைய விவரங்களும் வெளியேறின.

கெட்டவர்களுக்கு அஞ்சியே இவ்வளவும் என்று நினைத்தாலும் தவறாகும். 2017 ஜனவரி 31ஆம் திகதி கிற்லாப் நிறுவனத்தில் பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர், இரவு வேளையில், அழிக்க வேண்டிய கணினி இதுவென எண்ணி முதன்மைக் கணினியில் ஆணையிட்டுவிட்டார். சுமார் 300 கிகாபைற் தரவில் எஞ்சியது 4.5 மாத்திரமே. சில மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று இருந்தபடியால் ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. அவர் உண்மையான உழைப்பாளி. அவர் கையில் அவ்வேளையில் அவ்வுரிமை இருந்தது, அவ்வளவே.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வருகின்றேன். தீவுப்பகுதியிலே இது பிற ஊர்களிலும் பார்க்கக் கடினமானது. இன்றைய காரியதரிசி வருகிற ஆண்டில் ரொறன்ரோவில் இருப்பார். தனாதிகாரி சூரிச்சில் இருப்பார். அலுமாரித் திறப்பென்றால் போகும்போது வாங்கி வைக்கலாம். கடவுச்சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? அது அவர் மனத்தோடு விமானமேறிவிடுகின்றது. கேட்டாலோ, "என்னை நம்பேல்லையோ?" என்பார். மாமனும் மருமகனும் மைத்துனனுமாய் இருக்கும் சபையிலே இவ்வார்த்தைக்கு அஞ்சியே பழைய திறப்புகள் எல்லாம் பழைய கைகளிலேயே கிடக்கின்றன.

ஆதலின் பொதுக் கடவுச்சொல் என்பதே கூடாது. ஆளுக்கொரு கணக்கு, உரிமையோ பதவிக்கு. பதவி முடிந்த அன்றே உரிமையும் நீங்கும். தலைவருக்கும் நீங்கும், எனக்கும் நீங்கும்; ஒருவரும் மனம் நோக இடமில்லை.

தனாதிகாரி பண ஏட்டில் எழுதட்டும். முதியோர் பட்டியல் அவருக்கு எதற்கு? கணக்காய்வாளர் பண ஏடு முழுவதையும் வாசிக்கட்டும். ஓர் இலக்கத்தையும் மாற்றலாகாது. நெடுந்தீவில் முதியோரைப் பார்க்கச் செல்லும் தொண்டருக்கு நெடுந்தீவு வரிகள் மாத்திரம் தெரிந்தாற் போதும். ஊர்காவற்றுறையின் வரிகள் தெரிய வேண்டா. போஸ்ற்கிறீஸ் என்னும் தரவுத்தளத்தில் 2016 முதல் இவ்வாறு வரி வரியாக மறைக்கும் வசதி உண்டு. இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தனியே வாழும் தாய்மாரின் பெயரும் வீடும் தொலைபேசி இலக்கமும் ஓரிடத்தில் எழுதியிருக்கும் பட்டியல், தவறான கையில் விழுந்தால் திருடனுக்கு வரைபடமன்றோ! உதவிப்பணம் பெறும் பிள்ளையின் பெயர் சந்தியிலே பேசப்பட்டால் அப்பிள்ளை மறுமுறை நம்மிடம் வருமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. சட்டம் இல்லாவிடினும் இக்கடமை நமக்கு இருந்திருக்கும்.

வெளிக்கதவுக்கு நம் ஆலயங்களின் உண்டியல் முறையே போதும்: இரு பூட்டு, இரு கை. கடவுச்சொல் தலைவரிடம், இரண்டாம் அடையாளத்தைக் காட்டும் சிறு கருவி போஷகர் ஒருவரிடம். சால்ற்சர், ஷ்ரோடர் என்போர் 1975இல் கணினிப் பாதுகாப்புப் பற்றி எழுதியபோதும், ஒரு திறப்பிலும் இரு திறப்பு வலிது என்றே வகுத்தனர். மறுபிரதி வேறொரு கணக்கில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

"சோளகக் காற்றில் வள்ளம் ஓடாத நாளில், தலைவர் அக்கரையில் நின்றுவிட்டால் என்ன செய்வது?" என்று ஒரு தம்பி நேற்றுக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அந்நாளுக்கென உபதலைவருக்கு இரண்டு நாளில் தானே காலாவதியாகும் உரிமை கொடுக்கலாம். அவர் செய்தது யாவும் பதிவேட்டில் நிற்கும். அப்பதிவேட்டை அவர் அழிக்க இயலாதவாறு வைக்க வேண்டும்.

இவற்றைப் பிரேரணையாக எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். மகாசபை கூடும் நாளில், புதிய உத்தியோகத்தர் தெரிவு முடிந்தவுடன், பழைய உரிமைகள் நீக்கப்பட்ட பட்டியலைச் சபையிலேயே உரத்து வாசிக்க வேண்டும் என்பது அதன் கடைசிப் பிரிவு. அதிலே முதற் பெயராக என் பெயரை எழுதியிருக்கின்றேன்.