பெண்பாற் பெயர்களும் ஆங்கிலமும்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும் பயின்று வளர்கின்றனர். ஆதலின் மொழிபெயர்ப்பு நமக்குப் புலவர் தொழிலன்று, அன்றாட வேலை. பெண்டிர் செய்யும் தொழிலைக் குறிக்கும் பெயர்களை ஆங்கிலப்படுத்துவது அவ்வேலையில் ஒரு கடுமுடிச்சு.

'மருத்துவச்சி' என்பதை மருத்துவர்க்குப் பெண்பால் என்றே இலக்கணம் கூறும். வழக்கோ, பிள்ளைப்பேறு பார்ப்பவர் என்று கொள்ளும். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அவர்களை மருத்துவச்சி என்று எழுதினால் நகைப்புக்கே இடமாகும். விகுதி பாலை மட்டுமா மாற்றிற்று? தொழிலையே மாற்றிவிட்டது! கிரேக்கரிடத்தும் இத்தகைய வேறுபாட்டைக் காண்கிறோம். ஏதென்ஸ் நகரை அடுத்துக் கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்லொன்று பனோஸ்திராத்தி என்னும் பெண்மணியை இரண்டு சொற்களாற் குறிக்கிறது. முன்னது மருத்துவச்சி எனப் பொருள்படும் பெண்பாற்சொல். பின்னது மருத்துவர் எனப் பொருள்படும் ஆண்பாற்சொல். இவ்விரண்டையும் 'லேடி டாக்டர்' என்று சுருக்குவோர், கல்லில் தெளிவாய் நிற்கும் வேறுபாட்டை அழித்தவராவர்.

திருமலையில் அன்னப்பிரசாதம் உண்ணாதார் நம்முள் யார்? அக்கூடம் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கியது. அவரைத் தெலுங்கர் கவயித்ரி என்பர். அதனைப் 'போயட்டஸ்' என்று ஆக்கலாம், இலக்கணம் பிழையாகாது. ஆயினும் கவயித்ரியில் உள்ள மதிப்பு அதில் இல்லை. 'பெண்ணுக்கு இவ்வளவு போதும்' என்னும் தொனி அதில் ஏறிவிட்டது. ஆங்கிலேயருட் பலரே அச்சொல்லைக் கைவிட்டனர். 'போயட்' என்றே எழுதலாம்; பெண் என்பதைப் பெயரின் ஈற்றிலுள்ள 'அம்பா' காட்டும்.

புறநானூற்றில் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனே மேலானவன் என்று உரைக்கத் துணிந்தவர். 'குயவன் மனைவி' என்று மொழிபெயர்ப்பின் சக்கரம் கணவனுடையதாகிவிடும். 'குயவர் குலப்பெண்' என்றால் அவர் கை மண்ணிற் பட்டதா என்பது விளங்காது. ஆண் பெண் இருவர்க்கும் பொதுவான ஆங்கிலச் சொல்லை இட்டாலோ பெண் என்பதே மறையும். நம் 'குயத்தி' இம்மூன்று பொருளுக்கும் இடங்கொடுத்து நிற்கிறது. ஈற்றிலுள்ள 'ஆர்' விகுதிக்கோ ஆங்கிலத்தில் ஈடே இல்லை. ஆகவே பெயரை அப்படியே ஒலிபெயர்த்து, பொருளை அடிக்குறிப்பில் விரித்தெழுதுக. ஏட்டில் இரண்டு வரி கூடினாற் கூடட்டும்.