கீரையும் கனியும் காக்கும் இதயம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாற்பது, ஐம்பது வயதிலேயே மாரடைப்பால் மறைந்தோரின் ஜனாஸாத் தொழுகையில் நாம் பலமுறை நின்றிருக்கிறோம். 2016ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த மரணங்களுள் சுமார் 28 விழுக்காடு இதயம், இரத்தக் குழாய் நோய்களால் ஏற்பட்டவை என்று கணக்கிட்டுள்ளனர். எனவே இது வீட்டுக்கு வீடு சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

முத்து விளையும் விதத்தை இக்கடற்கரையில் பிறந்த நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. உள்ளே புகுந்த அந்நியப் பொருளைச் சிப்பி தன் சுரப்பால் படலம் படலமாக மூடுகிறது, அது முத்தாகிறது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் நம் இரத்தக் குழாய்களுக்குள் வேறொரு விளைச்சல் ஓசையின்றி நடைபெறுகிறது. கெட்ட கொழுப்பு குழாய்ச் சுவரின் உட்புறம் தங்கி, ஆக்சிஜனால் சிதைவுறுகிறது. அதை அந்நியப் பொருளாகக் கருதும் வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே குவிகின்றன. அக்குவியல் ஒருநாள் வெடித்து இரத்தம் உறைந்தால், அதுவே மாரடைப்பு. நம்மைக் காக்க வந்த அணுக்களே அடைப்புக்கும் காரணமாகிவிடுகின்றன!

இங்குதான் தாவர உணவின் பயன் தெரிகிறது. சின்ன வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் உள்ள குவர்செடின், தக்காளியின் செந்நிறமான லைக்கோபீன், நாவற்பழத்தின் ஊதா நிறமி, நெல்லிக்காயில் மிகுந்துள்ள வைட்டமின் சி ஆகியவை ஆக்சிஜன் சிதைவைத் தடுக்கும் பொருள்களாகும். இவற்றுட் சில, வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதையும் அழற்சியையும் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. தக்காளியை எண்ணெயிட்டுச் சமைத்தால் லைக்கோபீன் உடலில் நன்கு சேரும்.

அப்படியாயின் இவற்றை மாத்திரையாக விழுங்கினால் போதாதா என்று சிலர் வினவலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் மாத்திரைப் புட்டிகளை வாங்கி வரச் சொல்வோரும் உண்டு. பின்லாந்து நாட்டில் புகைப்பழக்கமுள்ள 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 விழுக்காடு கூடியிருந்தது! வைட்டமின் இ மாத்திரை இதய நோயைத் தடுக்கவில்லை என்பதை 2000இல் வெளியான மற்றொரு பெரும் ஆய்வு காட்டிற்று. வெள்ளணுக்கள் கிருமிகளை அழிப்பதற்கும் அதே ஆக்சிஜன் வீரியத்தையே பயன்படுத்துகின்றன. ஆகவே அதை அடியோடு ஒழிப்பதன்று, அளவோடு வைப்பதே நலம். முழு உணவில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இன்ன பிற சத்துகளும் சேர்ந்தே வருகின்றன. புட்டியில் அவை வருவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை யாவை? நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்கள் உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதே நிறுவனம் உப்பை 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. கருவாடும் ஊறுகாயும் விரும்பும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். நோன்புக் கஞ்சியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேரட்டும். இஃப்தார் தட்டில் வடையும் சமோசாவும் குறைந்து, கொய்யாவும் தர்பூசணியும் கூடட்டும். திருமண விருந்துகளில் இறைச்சியோடு ஒரு காய்கறியும் தாராளமாகப் பரிமாறப்படட்டும். பீடி, சிகரெட்டை விடாமல் கீரை மட்டும் உண்பதால் பெரும்பயன் விளையாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கீரை உண்கிறோம் என்று இரத்த அழுத்த மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் எவரும் நிறுத்திவிட வேண்டாம். வார்ஃபரின் மாத்திரை உண்போரும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே கீரை, பழங்களின் அளவை மாற்ற வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் வாயுவென்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.