சீனியர் டிவிஷனிலிருந்து சால்ட் லேக் வரை

ஆடி முடித்த கையோடு கால் மண்ணைக்கூடத் தட்டாமல் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தம்பிகளே, தங்கைகளே, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் எனக்கு ‘சாதிக்கப் பிறந்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். விழாக்குழு மன்னிக்க வேண்டும், அந்தத் தலைப்பை நான் தொடப்போவதில்லை. சாதிக்கப் பிறந்தவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அவனுக்கு மைதானம் கொடுத்தது யார், கோச் யார், எந்த கிளப் அவனை எடுத்தது என்ற கேள்வியெல்லாம் அடிபட்டுப் போய்விடும். பிறந்தான், சாதித்தான், கைதட்டு! அவ்வளவு சுலபமாக நம்மை விட்டுவிட எனக்கு மனசில்லை. ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

தம்பிகளே, மெஸ்ஸியின் கோல் கணக்கை உங்களிடம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். நந்தகுமார் சேகர் என்றால்? பின்னால் இரண்டு கை தூக்குகிறார்கள். பரவாயில்லை, ஆள் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதுகின்றன. இது நூறு வருஷப் பகை. அந்த ஊரில் கல்யாணப் பேச்சுவார்த்தையில்கூட, பையன் எந்தக் கட்சி என்று கேட்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கட்சி என்றால் அரசியல் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள்! மோகன் பகான் அப்போதுதான் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய அணி. ஈஸ்ட் பெங்காலோ 2019 ஜனவரிக்குப் பிறகு அவர்களை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. நாலரை வருஷ அவமானம் அது. அறுபதாவது நிமிஷம். வலது ஓரத்தில் சிவப்பு மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் பந்தை வாங்குகிறார். தனக்கு எதிரே நிற்பவரை ஏமாற்றி உள்ளே வெட்டி வருகிறார். இடது காலால் வளைத்து ஒரு அடி. கோல்! ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டமும் அப்படியே முடிந்தது. அன்றைக்குப் பாதிக் கொல்கத்தா தூங்கவில்லை. தூங்கவிடாமல் செய்தது நம்ம சென்னைப் பையன்.

அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதே மோகன் பகான் 1-0 என்று வட்டியோடு வாங்கிக்கொண்டது. அதை மறைப்பானேன்? ஆனால் அந்த இறுதி ஆட்டத்துக்கு ஈஸ்ட் பெங்கால் போய்ச் சேர்ந்ததே நந்தகுமாரால்தான். அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகத் தோற்று வெளியே போகவேண்டிய நேரம். ஆட்டம் முடிந்து கூடுதலாகக் கொடுத்த கடைசி நிமிஷங்களில் சமன் செய்த கோல் அவருடையது. பெனால்டியில் ஜெயித்தார்கள்.

இப்போது படத்தைப் பின்னால் ஓட்டுகிறேன்.

நந்தகுமார் 1995 டிசம்பரில் பிறந்தவர். சென்னை சீனியர் டிவிஷன் லீக்கில் இந்துஸ்தான் ஈகிள்ஸ் அணிக்கு ஆடியவர். சீனியர் டிவிஷன் என்றால் என்ன என்று நம் தாய்மார்களுக்குச் சொல்லவேண்டும். சென்னை கால்பந்துச் சங்கம் நடத்துகிற லீக்கின் மேல்தட்டு அது. அதற்குக் கீழே அடுக்கடுக்காகப் பல டிவிஷன்கள். பெரும்பாலும் வேலைநாளில், வெயில் மண்டையைப் பிளக்கிற பிற்பகலில் ஆட்டம் நடக்கும். டிவி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் யார்? ரிட்டயரான ரயில்வே ஊழியர் சிலர், ஆடுகிறவனின் அண்ணன், ஸ்பான்சர் தேடி அலைகிற கிளப் செயலாளர், அடுத்த ஆட்டத்துக்குக் காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கும் பையன்கள். ஒரு காலத்தில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே, கஸ்டம்ஸ் என்று அலுவலக அணிகள் கோலோச்சிய லீக் இது. நல்லா ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். சையத் சபீர் பாஷா மாதிரி ஆட்டக்காரர்கள் இந்தியன் வங்கியில் இருந்த காலம் அது. வடசென்னைக் குடும்பங்கள் பிள்ளையைப் பந்து விளையாட விட்டதற்கு அந்த வேலையும் ஒரு காரணம். பந்து சோறு போடும் என்று அப்பாக்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கோட்டா சுருங்கியது. பந்து மட்டும் மிஞ்சியது.

அந்த லீக்கிலிருந்து நந்தகுமார் எப்படி மேலே போனார்? திறமையால்தான், யார் இல்லை என்றது! ஆனால் அவரைப்போலத் திறமை உள்ளவர்கள் அந்த லீக்கில் அவருக்கு முன்னாலும் இருந்தார்கள், பக்கத்திலேயும் ஆடினார்கள். அவருக்கு மட்டும் ஒன்று நடந்தது. ஐ-லீக் என்ற தேசிய லீக்குக்கு 2016-17 சீசனில் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணிக்கு நேரடி நுழைவு கிடைத்தது. இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் ஆடிய காலம் முடிந்த பிறகு, ஐ-லீக்கின் முதல் தட்டில் சென்னையிலிருந்து ஒரு அணி நுழைந்தது அப்போதுதான். அந்த அணிக்குப் பையன்கள் தேவைப்பட்டார்கள். உள்ளூர் லீக்கில் தேடினார்கள். நந்தகுமாருக்கு அப்போது 21 வயது. கால்பந்தில் 21 என்றால் கல்யாணச் சந்தையில் 35 மாதிரி. இன்னும் இரண்டு சீசன் தாமதித்திருந்தால் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லியிருப்பார்கள்.

ஒரே சீசன். நேரு ஸ்டேடியத்தில் நாடு பார்க்க ஆடினார். அடுத்த ஐ.எஸ்.எல்.லுக்கு டெல்லி டைனமோஸ் அவரை எடுத்துக்கொண்டது. கவனியுங்கள், எடுத்தது டெல்லி. நம் ஊரிலேயே, அதற்குள் ஒருமுறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. என்ற ஐ.எஸ்.எல். அணி ஒன்று இருந்தது. அதைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்களே சிரித்துவிட்டீர்கள்.

டெல்லி அணி 2019-ல் மூட்டை கட்டிக்கொண்டு புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. நந்தகுமாரும் போனார். 2023 ஏப்ரலில் சூப்பர் கோப்பை அரையிறுதியில் இரண்டு கோல் அடித்தார், ஒடிசா கோப்பையை வென்றது. அந்த ஜூனில் இந்தியச் சட்டை போட்டார். பிறகு ஈஸ்ட் பெங்கால். 2024 ஜனவரியில் மறுபடியும் சூப்பர் கோப்பை. இறுதி ஆட்டத்தில் எதிரே யார்? பழைய வீடான ஒடிசா. அவர்களுக்கு எதிராகவே ஒரு கோல் போட்டார். கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அந்த கிளப் 12 வருஷத்துக்குப் பிறகு தேசிய அளவில் வாங்கிய கோப்பை அது. அடுத்தடுத்த இரண்டு வருஷம், இரண்டு வேறு அணிகளோடு, அதே கோப்பை! வேறு விளையாட்டில் ஒரு சென்னைக்காரர் இதில் பாதி செய்திருந்தால், அண்ணா சாலையில் ஜெமினி முதல் நந்தனம் வரை பேனர் கட்டியிருப்போம்.

வெளிநாட்டிலும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணி கழற்றிவிட்டது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன ஊர் அணிக்கு ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்படிப்பட்டவர் லெஸ்டர் சிட்டியோடு 2016-ல் பிரீமியர் லீக் பட்டம் வாங்கினார். அதே அணியில் கூட ஆடிய ங்கோலோ காண்டே, பாரீஸ் புறநகரான சுரேனில் 19 வயது வரை இருந்தவர். உருவம் சின்னது என்று பெரிய அகாடமிகள் ஒதுக்கின. 2018-ல் உலகக் கோப்பையைத் தொட்டார்.

இந்த இரண்டு பேர் கதையையும் நம் ஊர் மேடைகளில் ‘விடாமுயற்சி’க்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. இங்கிலாந்தில் வார்டி ஆடிய ஒவ்வொரு சின்ன அணிக்கும் மேலே போக வழி இருந்தது. ஜெயித்தால் அடுத்த டிவிஷன், அதில் ஜெயித்தால் அதற்கடுத்தது. தெருமுனை அணிக்கும் பிரீமியர் லீக்குக்கும் நடுவே படி உடையாமல் இருக்கிறது. நம் நிலைமை என்ன? சீனியர் டிவிஷனில் முதலிடம் பிடித்தால் அதனாலேயே தேசிய லீக்குக்குப் போய்விட முடியாது. சென்னை சிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-19-ல், கோவைக்கு இடம்பெயர்ந்த பிறகு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளி ஐ-லீக் சாம்பியன் ஆனது. இங்கிலாந்தாக இருந்தால் அடுத்த வருஷம் மேல் லீக். இங்கே? ஐ.எஸ்.எல். கதவு மூடியே இருந்தது. ஐ-லீக்கில் ஜெயித்து ஒரு அணி முதன்முதலாக ஐ.எஸ்.எல்.லுக்குள் போனது 2023-ல்தான், அதுவும் பஞ்சாப். அதற்குள் சென்னை சிட்டி களத்திலேயே இல்லை. அந்த ஐ.எஸ்.எல்.லாவது நிலையா என்றால், நடத்துகிறவர்களே 2025 ஜூலையில் சீசனை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தார்கள்.

அதாவது நந்தகுமார் ஏறிய படி, அவர் ஏறிய பிறகு உடைந்துவிட்டது. ‘நம்பவே முடியாத பயணம்’ என்று பத்திரிகைகள் இப்படிப்பட்ட கதைக்குத் தலைப்புப் போடும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. நம்பக்கூடியதாக அல்லவா அது இருந்திருக்க வேண்டும்?

நந்தகுமார் மட்டுமில்லை, வடசென்னையில் வியாசர்பாடியைப் பாருங்கள். உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு பேர், தாங்களே பந்தாடி வளர்ந்தவர்கள், குடிசைப்பகுதிப் பிள்ளைகளைப் பந்தோடு பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவேண்டும் என்று ஒரு அமைப்பை நடத்துகிறார்கள். அந்த வியாசர்பாடியிலிருந்து வந்தவர்தான் தனபால் கணேஷ். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதி, நேரு ஸ்டேடியம், சென்னையின் எஃப்.சி. அடித்த மூன்று கோலில் ஒன்று இந்த உள்ளூர்ப் பையனுடையது. நாலு நாள் கழித்து பெங்களூரில் கோப்பை. அடுத்த சீசன் அவருக்கு முழங்கால் காயத்தில் போயிற்று. இதுதான் கால்பந்து, இரக்கம் கிடையாது.

இங்கே இருக்கிற தங்கைகள் முகம் கொஞ்சம் சுருங்குவது தெரிகிறது. ஆண்கள் கதையே சொல்கிறாரே என்று. சரி, ஒன்று சொல்கிறேன், வீட்டில் அண்ணன்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஆண்களுக்கான சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாடு இன்றுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பெண்களுக்கான தேசியப் பட்டத்தை 2018-லும் 2023-லும் நம் பெண்கள் இரண்டு தடவை கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். 2024 அக்டோபரில் நம் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குவது. கணக்குப் போடுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம், மாதத்தில் 25 நாள் ஆடினால் 3000 ரூபாய். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆடினால் 6000. இந்தப் பணத்தைக் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் மொட்டைமாடி டர்ஃபில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தத் திடல்களில் வியாசர்பாடி முல்லை நகரும் ஒன்று! எதிர்ப்பு வந்தது. ஓரிரு நாளில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்காக நன்றியும் சொல்லவேண்டும், சொல்கிறேன். ஆனால் அந்த யோசனை ஒரு மன்றத்தில் தீர்மானம் ஆகிற வரைக்கும் போனதே, அதை மறக்கக்கூடாது. நந்தகுமாருக்கு டெல்லியும் ஒடிசாவும் கொல்கத்தாவும் காசு கொடுத்தது பிற்பாடு. ஆரம்பத்தில் அவர் மாதிரி ஆட்டக்காரனுக்கு ஊர் கொடுக்கக்கூடிய ஒரே உதவி, காசு கேட்காத மைதானம்தான். மேல்படி நம் கையில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. கீழ்ப்படி இந்த வார்டில் இருக்கிறது.

நம் தேனாம்பேட்டையில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு பக்கம் அண்ணா சாலை, ஒரு பக்கம் எல்டாம்ஸ் சாலை, நடுவில் பைக் நிறுத்தவே இடமில்லை. பக்கத்து நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் ஹாரி பக் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களைக் கொடுத்த இடம். நம்மில் பலர் அங்கே புத்தகக் கண்காட்சிக்குப் போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டதோடு சரி. இருக்கட்டும், அதுவும் கலாசாரம்தான்.

ஆனால் நம் வட்டாரத்தில் பள்ளிக்கூட மைதானங்கள் இருக்கின்றன. சின்னதுதான், ஃபைவ்ஸ் ஆடலாம். பள்ளி விட்டதும் கேட்டில் பூட்டு விழுந்துவிடுகிறது. இதைப் பற்றி மேடைக்கு வருவதற்கு முன்னால் விழாக்குழுச் செயலாளரிடம் பேசினேன். மாலை ஆறிலிருந்து எட்டரை வரை திறந்துவைக்க அனுமதி கிடைத்தால், காவலாளி சம்பளத்தையும் விளக்குக்கான கரண்ட் பில்லையும் விழாக்குழு ஏற்கும் என்று சொல்லியிருக்கிறார். செயலாளர் தலையை ஆட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றமுடியாது. மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். முதலில் ஒரு மைதானம், வாரத்தில் ஐந்து நாள், கட்டணம் இல்லாமல். முடியுமா முடியாதா என்பதை அவர்களே இந்த மைக்கில் சொல்லிவிடட்டும். அம்மா, வாங்க.