பங்கசும் நம் இரத்தத்தின் காவல்காரரும்

(பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் ஆற்றிய சுகாதார உரை)



பங்கசு, அதாவது பூஞ்சணம், உங்களுக்குப் புதிதல்ல. 1869-ல் இந்த நாட்டுக் கோப்பியில் இலைத்துருவாக வந்து, கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதும் ஒரு பங்கசுதான். 1946-ல் வந்த கொப்புள நோய்க்கு இன்னும் மழை மாதத்தில் மருந்து அடிக்கிறோம். தேயிலைக்கு மருந்து அடிக்க ஆள் இருக்கிறது. நமக்கு யார் இருக்கிறார்?

நமக்கு ஆள் உள்ளேயே இருக்கிறது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பங்கசு வித்திகளும் உள்ளே போகின்றன. பெரும்பாலானவை நம் உடம்புச் சூட்டில், 37 பாகையில், வளராது. மிஞ்சியதை வெண்குருதிக் கலங்கள் பார்த்துக்கொள்ளும்.

அதுகளுக்கு எப்படி அடையாளம் தெரியும்? பங்கசின் கலச்சுவரில் பீட்டா குளுக்கான் என்று ஒரு மாவுச்சத்து வகைப் பொருள் இருக்கிறது. மனித உடம்பு அதைச் செய்வதில்லை. வெண்கலத்தின் மேலே உள்ள டெக்டின்-1 என்ற புரதம் அதைத் தொட்டதுமே கண்டுகொள்ளும். ஒக்ஸ்போர்ட்டில் கோர்டன் பிரவுனும் சியாமன் கோர்டனும் 2001-ல் இதைக் காட்டினார்கள். கொழுந்து எடுக்கிற விரல் பார்க்காமலே முற்றிய இலையை விலக்குகிறதல்லவா, அந்த மாதிரி.

பங்கசு சின்னதாக இருந்தால் ஒரே விழுங்கு. நூலாக நீண்டுவிட்டால் விழுங்க முடியாது. அப்போது நியூட்ரோபில் என்ற கலம் தன் சொந்த டி.என்.ஏ.யையே வலையாக வீசும். பல நேரம் தானும் செத்துப்போகும். விஞ்ஞானிகள் இந்த வலையைக் கண்டது 2004-ல்தான்.

படர்தாமரையின் ஓரம் சிவந்து, நடு வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சிவப்புதான் சண்டை நடக்கிற இடம். இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடையில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்பில் ஸ்டீராய்ட் இருந்தால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் போகும். போனது பங்கசு அல்ல, காவல்காரர்! நிறுத்தியதும் படை முன்னைவிட அகலமாகக் கிளம்பும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இந்தக் காவல் தளர்ந்தே இருக்கும்.

சேற்றுப்புண் ஏன் லேசில் போகமாட்டேங்குது? பங்கசு குடியிருப்பது தோலின் செத்த மேற்படையில். அங்கே இரத்தம் ஓடுவதில்லை, வெண்கலம் எட்டுவது கஷ்டம். ஆகவே வேலை முடிந்ததும் விரலிடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். நனைந்த படங்கை இடுப்பில் வைத்திருக்காதீர்கள். படை பரவினால் வைத்தியரிடம் போங்க. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பங்கசு நூல் தெரியும். போகும்போது, இதுவரை பூசிய களிம்பு டியூபையும் மறைக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.