உமிச் சாம்பலும் பெல்லட் அடுப்பும்



அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரையோரம் போகிறவர்களுக்கு நெல் வயலும் அரிசி ஆலையும் புதிதல்ல. ஆலைக்குப் பின்புறம் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமிதான். நெல் அவிக்க ஆலைக்காரர்களே அதை எரிப்பார்கள். மிச்சம் ஒரு காலத்தில் சாக்கில் கட்டி வீட்டு அடுக்களைக்கும் வந்தது.

தூள் அடுப்பு பலருக்கு நினைவிருக்கும். தகர டப்பாவின் அடியில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டிருக்கும். அதில் ஒரு கட்டையைச் செருகி, டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளையோ உமியையோ போட்டுக் கையால் குத்திக் குத்தி இறுக்குவார்கள். பிறகு பாட்டிலை மெல்லத் திருகி உருவ வேண்டும். அவசரப்பட்டால் தூள் சரிந்துவிடும். அப்புறம் கட்டையை இழுத்தால் காற்று போக வழி தயார். ஒருதரம் அடைத்தால் உலை வைத்து, சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து இறக்கும்வரை நின்று எரியும். அந்த அடுப்போடு பழகிய பெண்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நேற்றைய சாம்பலைத் தட்டாமல் இன்றைக்குத் தூள் அடைத்தால், அடுப்பு எரியாது; புகையும்.

இன்றைய பெல்லட் அடுப்பு அதன் பேரப்பிள்ளை. உமி, கடலைத்தோல், மரத்தூள், கரும்புச் சக்கை இவற்றை அழுத்தி விரல் பருமனில் செய்த உருளைத் துண்டுதான் பெல்லட். இந்தியாவில் வீட்டுச் சமையலுக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ‘ஊர்ஜா’ அடுப்பு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் முகுந்தா குழுவினர் வடிவமைத்தது அது. பி.பி. எண்ணெய் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வாக்கில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. பெல்லட் விலை ஏற ஏற வீடுகளில் உபயோகம் குறைந்து, ஓட்டல் சமையற்கட்டுகளின் பக்கம் வியாபாரம் திரும்பியது.

பெல்லட் அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்தால், அதை ஏன் சுத்தம் செய்ய வேண்டும் என்பது தானாகப் புரியும். பெல்லட்டை நிரப்பி மேலே பற்றவைக்கிறோம். அடியில் இருக்கும் துளைத்தட்டு வழியாகச் சின்ன விசிறி கொஞ்சம் காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றில் பெல்லட் முழுதாக எரிவதில்லை. வாயுவாக மாறி மேலே வருகிறது. விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும் துளைகளிலிருந்து வரும் இரண்டாவது காற்றுதான் அந்த வாயுவை எரிக்கிறது. அடித்துளை அடைத்தால் தீ சோர்ந்துபோகும். மேல்துளை அடைத்தால் இன்னும் மோசம்: எரியாத வாயு அப்படியே அடுக்களைக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறம் கிடையாது, மணமும் கிடையாது. மூச்சில் போனால், ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் நம்மூர் வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காய எரிக்கும் முதல்தர மர பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. உமியிலோ ஏறக்குறைய 20 சதவீதம் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. ஒரு கிலோ மர பெல்லட் எரிந்தால் மிஞ்சுவது ஒரு ஸ்பூன் சாம்பல். ஒரு கிலோ உமி பெல்லட் எரிந்தால் 200 கிராம். வாரம் ஒருமுறை துடைத்தால் போதும் என்று வெளிநாட்டு அடுப்பின் குறிப்பேடு சொல்வது நம் உமிக்குச் செல்லாது. ஒவ்வொரு தடவை பற்றவைக்கும் முன்பும் சாம்பலைத் தட்டியாக வேண்டும்.

அடுப்பு நன்றாக ஆறட்டும். விசிறியின் மின்இணைப்பை எடுத்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். உமிச் சாம்பல் தூசி நெஞ்சுக்கு ஆகாது. சாம்பலைக் கொட்டியபின் துளைத்தட்டின் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டு எடுங்கள். மண் கலந்த கழிவில் செய்த பெல்லட்டானால் சாம்பல் உருகிக் கட்டிதட்டி தட்டோடு ஒட்டியிருக்கும். அதைப் பெயர்த்து எடுக்க வேண்டும். மேல்துளைகளில் படிந்த கரியைப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம். விசிறி காற்றை இழுக்கும் இடத்தில் சேரும் ஒட்டடையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் பீங்கான் சுவர் வெடித்துப்போகும். புகைப்போக்கி வைத்த வீடானால் அதில் ஒட்டிய கரியையும், பறவை கட்டிய கூட்டையும் பார்த்து எடுக்க வேண்டும்.

கொட்டிய சாம்பலை நம்ப வேண்டாம். எரிந்து முடிந்த உமி பெல்லட் பார்ப்பதற்கு உருவம் மாறாமல் சாம்பல் நிறத்தில் அப்படியே கிடக்கும். குச்சியால் அமுக்கினால் உதிரும். ஆனால் உள்ளே கங்கு இன்னும் சிவப்பாக இருக்கலாம். அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ, வைக்கோல் படப்புப் பக்கமோ, குப்பைத்தொட்டியிலோ கொட்டிவிட்டு உறங்கப்போன வீடுகள் ஆபத்தைக் கூடவே வைத்துக்கொண்டு உறங்குகின்றன. மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு, வெளியே, வெறும் தரையில் வையுங்கள். முழுதாக ஆறிய பிறகு பாத்திரம் விளக்கவும் செடிக்குப் போடவும் பயன்படும்.

பெல்லட்டுக்குத் தண்ணீர் பகை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை தாமிரபரணிப் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈரம் பட்ட பெல்லட் ஊதி, உதிர்ந்து, மறுபடி உமியாகிவிடும். காய்ந்துவிட்டதே என்று அந்தத் தூளை அடுப்பில் போட்டால் காற்றுவழி அடைத்துப் புகைதான் வரும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயரத்தில் அடுக்குங்கள்.

கரண்ட் போனால் விசிறி நிற்கும்; மறுநிமிடமே புகை கிளம்பும். விசிறிக்கு பேட்டரி இல்லாவிட்டால் உடனே சன்னல், கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவதே நல்லது. மாஞ்சோலை மலைக் குளிரோ மார்கழிப் பனியோ, எந்த அடுப்பையும் மூடிய அறைக்குள் எரியவிட்டுப் படுக்கக் கூடாது. கொடைக்கானலில் அப்படிக் கரியடுப்போடு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி வந்திருக்கிறது. சமைக்கும்போது வீட்டில் ஒன்றுக்கு இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போலத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் அதைப் பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். அவர்களை முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.